மலை நடக்கச் சம்பளம் வாங்கியவன்

எங்கள் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற பெண்களும் பையன்களும் இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் மலை ஏறப் போகிறார்கள். அதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து, "எந்த சீசன்ல எப்பிடி நடக்கணும்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க, குரூப்ல போடறோம்" என்று கேட்டார்கள். சரியான ஆளிடம்தான் கேட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு சுற்றியுள்ள மலைகளில் என் கால் படாத தடம் கிடையாது. அதுவும் வேடிக்கை பார்க்க நடந்த கால் இல்லை. இருபத்தாறு வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு நடந்தேன். இப்படி ஓர் உத்தியோகம் இந்த ஜில்லாவில் இன்னொருத்தனுக்கு இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான் ஆறாம் வகுப்பு பாதியில் நின்றவன். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியருகே கொஞ்ச காலம், பிறகு ஷூ கம்பெனியில் சோலுக்குப் பசை தடவும் ஹெல்ப்பராகச் சில வருஷம். அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெறுங்காலோடு குழாயடியில் நின்றிருந்தபோது டெக்னிக்கல் மானேஜர் கலீல் சார் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேல்சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து, ஈரக் காலை அளந்தார்.

"பேரு இன்னா?"

"கோவிந்தன் சார்."

"நாற்பத்திரண்டு. ஒரு நூல் கூட ஜாஸ்தி இல்ல, கம்மி இல்ல. நாளையிலேர்ந்து பசை தடவாதே. நடக்கணும்."

ஆண்கள் ஷூவில் எந்த மாடலையும் முதலில் நாற்பத்திரண்டாம் நம்பரில்தான் செய்து பார்ப்பார்கள். அதற்குச் சாம்பிள் சைஸ் என்று பெயர். வெளிநாட்டுக்காரன் மலையேறும் பூட்ஸ் கேட்டால், ஆயிரக்கணக்கில் தைக்கிறதற்கு முன்னால் ஒரு ஜோடியை ஒருத்தன் போட்டு நிஜ மலையில் நடந்து பார்க்க வேண்டும். அந்த ஒருத்தன் நான். படித்தவன், டிப்ளமோ வாங்கியவன் எல்லாம் கம்பெனியில் இருந்தான். கால் என்னிடம்தான் இருந்தது.

வேலை எப்படி என்றால், இடது காலில் ஒரு வகை சோல், வலது காலில் வேறு வகை சோல் ஒட்டித் தருவார்கள். மேலே பார்த்தால் ஜோடி மாதிரியே இருக்கும். எது எந்த வகை என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மனசு ஒரு பக்கம் சாயும் என்பார் கலீல் சார். பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து, கீழே வந்து, கையோடு இருக்கும் அட்டையில் எழுத வேண்டும்: எந்தத் தடம், எத்தனை மணி நேரம், பாறையா மண்ணா, ஈரமா உலர்ந்ததா, எந்தக் கால் வழுக்கியது, எந்த விரல் உரசியது. கடைசியில் ஷூவுக்குள் கைவிட்டு உள்துணியையும் காலடியில் இருக்கும் இன்சோலையும் தொட்டுப் பார்த்து ஈரம் எவ்வளவு என்று எழுத வேண்டும். எழுத்து எனக்கு அட்டையில்தான் வந்தது. முதல் வருஷம் சரிக்குறியும் பெருக்கல் குறியும்தான். மூன்றாம் வருஷம் கலீல் சார் என் அட்டையைத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.

அவர் அதிகம் பேசாத மனிதர். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது ஷூவைத்தான் பார்ப்பார். நடந்து முடித்த ஷூவை நீளவாட்டில் ரம்பத்தால் இரண்டாக அறுத்து, உள்ளே அடுக்கடுக்காகப் பார்த்து, மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பார். அட்டையில் தப்பு எழுதிவிட்டால் ரப்பர் போடவோ கிறுக்கி மறைக்கவோ விடமாட்டார். ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து.

ஐப்பசி மழையில் ஒரு தடவை அவரே கூட நடக்க வந்தார். திரும்பும்போது ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். போகும்போது கணுக்கால் கூட நனையவில்லை. எங்கள் தலைக்கு மேலே வெயில் அடித்தது. ஆனால் மலை முதுகுக்கு அந்தப் பக்கம் இடி உருண்டுகொண்டிருந்தது. கம்பெனி வேன் எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றது.

"தாண்டிடலாம்பா. நாற்பதடிகூட இல்ல."

"வேணாம் சார். தண்ணி கலங்கலா வருது. மேல பெய்யுது."

"எனக்கு ரெண்டு மணிக்கு மீட்டிங்."

"மீட்டிங்குக்கு நீங்க போவணுமா, உங்க போட்டோ போவணுமா?"

யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. ஒரு நிமிஷம் என் ஷூவைப் பார்த்தார். "அட்டையில நடந்தவன்னு யார் கையெழுத்து, உன்னோடதா என்னோடதா?" என்றார். என்னுடையது என்றேன். "அப்ப நீ சொல்றதுதான்" என்று பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்தில் ஒரு முழு மரம் வேரோடு அந்த ஓடையில் போயிற்று. அவர் அட்டையை வாங்கி, 'நடை நிறுத்தம், நடப்பவர் முடிவு' என்று எழுதினார். அன்றிலிருந்து மலையில் என் வார்த்தைதான் சட்டம்.

நீங்கள் கேட்டதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே இடி கேட்டால் ஓடையில் இறங்காதீர்கள். மார்கழியில் எட்டு மணி வரைக்கும் பாறையில் பனி ஈரம் இருக்கும். விலை உயர்ந்த சோலும் அதில் வழுக்கும், நான் வழுக்கிப் பார்த்திருக்கிறேன். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். புகை வாசனை வந்தால் மேலே ஓடாதீர்கள். தீ மேட்டில் ஏறுகிற வேகத்துக்கு மனுஷன் ஏற முடியாது. பக்கவாட்டில் வெட்டவெளிப் பாறைக்குப் போங்கள். தேன்கூடு தொங்குகிற பாறைப் பக்கம் அத்தர், சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். எந்தத் தடத்தில் போகிறோம், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று கீழே ஒருத்தரிடம் சொல்லாமல் ஏறாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். சித்திரையில் பத்து மணிக்குள் கீழே இருக்க வேண்டும். இவ்வளவையும் நான் யாரிடமும் படிக்கவில்லை. இதில் கடைசி விதியை நானே ஒரு தடவை மீறினேன். அதைத்தான் விவரமாக எழுதப் போகிறேன்.

கம்பெனிக்குப் பெண்கள் போடுகிற மலை பூட்ஸ் ஆர்டர் ஒன்று வந்தது. பெண்களுக்குச் சாம்பிள் சைஸ் முப்பத்தேழு. தையல் லைனில் இருந்த எஸ்தருக்குச் சரியான முப்பத்தேழு கால். பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு கிராமத்துப் பெண். இரண்டு பிள்ளைகள். எட்டு வருஷமாக மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். வாய் ஓயாது. முதல் நாள் வேனில் ஏறும்போதே, "இன்னாண்ணா, ரெண்டு காலுக்கும் ரெண்டு சோலு குடுத்திருக்கீங்க? ஒரு காலு பாஸாகி ஒரு காலு ஃபெயிலானா நான் நொண்டிக்கினேதான் வீட்டுக்குப் போவணுமா?" என்றாள்.

கூட வருவது வனத்துறை வாட்சர் ஏகாம்பரம். மலை அடிவாரத்துக்காரர். எங்கள் மூன்று பேருக்கும் மாசியிலிருந்து மூன்று நடை நல்லபடியாக முடிந்தது. மூன்று தடவையும் எஸ்தரின் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். புது ஷூ மாதிரி உலர்ந்திருந்தது. என் ஷூ வழக்கம்போல நனைந்து கிடந்தது. இரண்டிலும் புதிதாக வந்த ஒரே உள்துணிதான். பெண்கள் பூட்ஸில் அது பிரமாதமாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். மூன்று அட்டையிலும், 'உள்ளே ஈரம் இல்லை. ரொம்ப நன்று' என்று எழுதினேன். கலீல் சாரும் கையெழுத்துப் போட்டார்.

நாலாவது நடை கடைசி நடை. சித்திரை பிறந்துவிட்டது. ஐந்தரைக்கு ஏற வேண்டியது. வனத்துறை கேட்டின் சாவி வேறொருவரிடம் மாட்டிக்கொண்டு ஏழு மணிக்குத்தான் கதவு திறந்தது. பாதி நடந்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். இன்னொரு நாள் வந்திருக்கலாம். பன்னிரண்டு கிலோமீட்டர் முடிக்காமல் நான் அட்டை கொடுத்தது அந்த ஓடை நாளில் மட்டும்தான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. "வேகமா நடந்தா பதினொண்ணுக்குள்ள எறங்கிடலாம்" என்றேன். ஏகாம்பரம் வானத்தைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

மேலே சுனையருகே உட்கார்ந்தோம். சுனையில் விரல்கடை தண்ணீர், அதுவும் பாசி. ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டு போயிருந்தோம். என்னுடையது ஒரு பாட்டில் காலி. எஸ்தரின் இரண்டு பாட்டிலும் மூடி திறக்காமல் இருந்தன.

"குடிக்கலையா?"

"தாகமே எடுக்கலைண்ணா. ஒரு மொடக்கு காலையிலேயே வீட்ல குடிச்சேன்."

"பார்த்தியா ஏகாம்பரம், ஆம்பளைங்க நாமதான் மொடா மொடாவா குடிக்கிறோம். ஒட்டகம் மாதிரி ஒரு பொண்ணு!"

அவளும் சிரித்தாள். நான் அவளைப் பாராட்டியதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

இறங்கும்போது பத்தரை இருக்கும். பாறை சுட்டது. முதலில் அவள் பேச்சு நின்றது. பேச்சு நின்றதைக் கவனித்தேன். களைப்பு என்று விட்டுவிட்டேன். கொஞ்ச தூரத்தில் அவள் வலது கால் குறுக்கே விழ ஆரம்பித்தது. ஒரு எட்டு நேராக, ஒரு எட்டு சாய்வாக. எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? வலது சோலின் குதிகால் பக்கம் பிடிப்பு போய்விட்டது என்று தோன்றியது. நிற்கச் சொன்னேன். அவள் காலடியில் குந்தி, சோலை விரலால் தேய்த்துப் பார்த்தேன். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அட்டையை எடுத்து, 'வலது குதி வழுக்கல், காய்ந்த பாறை' என்று எழுதிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே அவள் குரல் கேட்டது.

"சூப்பர்வைசர் சார். ஒரு டோக்கன் குடுங்க சார்."

நிமிர்ந்தேன். என்னைத்தான் பார்த்தாள். ஆனால் பார்வை என்னிடம் இல்லை.

"சீக்கிரம் வந்துடறேன் சார். அஞ்சு நிமிஷம். ஒரே ஒரு டோக்கன்."

இதை விளக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் அப்போது தையல் லைனுக்கு மூன்று டோக்கன். பாத்ரூம் போகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். நாற்பது பெண்களுக்கு மூன்று. அதற்கும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிக்காமல் பழகிக்கொள்வார்கள். நான் ஷூவை அச்சில் ஏற்றிச் சோல் ஒட்டுகிற லாஸ்டிங் பக்கத்து ஆள், ஆண்கள் பக்கம். அந்த டோக்கன் பலகையைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் போனேன். அது அந்தப் பெண்களை என்ன செய்கிறது என்று யோசித்ததில்லை.

அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். கையைத் தொட்டேன். அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி இருந்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. ஏகாம்பரமும் நானும் தூக்கி ஒரு பாறை நிழலில் போட்டோம். நான் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றப் போனேன். ஏகாம்பரம் என் கையைத் தட்டிவிட்டார்.

"யோவ்! நெனவில்லாத வாயில ஊத்தாதே. நெஞ்சுல எறங்கிடும். மேல ஊத்து!"

"எங்க?"

"கழுத்துல, கக்கத்துல, தொடை இடுக்குல. வெக்கம் பாக்காத, ஊத்துயா!"

"ஷூ..."

"அந்த எழவெடுத்த ஷூவைக் கழட்டு மொதல்ல!"

நடை முடியாமல் ஷூவைக் கழற்றுவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. துப்பட்டாவை நனைத்து உடம்பில் போர்த்தினேன். ஏகாம்பரம் தன் தண்ணீரையும் என்னிடம் வைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற முனைக்கும் அதற்குக் கீழே இருக்கிற குடிசைகளுக்கும் ஓடினார். நான் எழுதுகிற அட்டையால் விசிறினேன். துணி காய்கிற போதெல்லாம் நனைத்தேன். என் தண்ணீர் தீர்ந்தது. அவருடையது தீர்ந்தது. பிறகு எஸ்தரின் பையைத் திறந்து, அவள் குடிக்காமல் வைத்திருந்த இரண்டு பாட்டிலையும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் மேலேயே ஊற்றினேன். அது இல்லாவிட்டால் எனக்குக் கையில் ஒன்றும் இருந்திருக்காது. வேறு யாராவது உதவிக்கு வருகிற தடமும் இல்லை அது. "எஸ்தர், பேசும்மா, ஏதாவது திட்டும்மா" என்று கத்திக்கொண்டே விசிறினேன். திட்டவில்லை. ஒரு தடவை மட்டும் உதடு அசைந்தது.

முக்கால் மணி நேரத்தில் ஏகாம்பரம் நாலு ஆட்களோடு கம்பும் கம்பளியும் கொண்டு வந்தார். டோலி கட்டி இறக்கினோம். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் யாரும் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. சிறுநீரகம் ஒத்துழைக்க வேண்டும் என்றார்கள். அவள் புருஷன் வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மூன்றாம் நாள் டாக்டரம்மா வெளியே வந்து, ஆபத்து தாண்டிவிட்டது என்றார். கூடவே, "இந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்ரூம் போவும், தெரியுமா உங்களுக்கு? காலையில வீட்ல ஒண்ணு, சாயந்தரம் வீட்ல ஒண்ணு. எட்டு வருஷமா" என்றார்.

நாலாம் நாள் கலீல் சார் என்னைச் சாம்பிள் அறைக்குக் கூப்பிட்டார். என் ஷூக்களும் அவள் ஷூக்களும் மேஜைமேல் இருந்தன. அறுக்கவில்லை. இன்சோலை மட்டும் உருவி, வரிசையாக அடுக்கியிருந்தார். என்னுடையதில் வேர்வை காய்ந்து உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு கட்டியிருந்தது. அவளுடையதில் விரல் பதிந்த தடம் மட்டும் இருந்தது. உப்பு இல்லை. பக்கத்தில் என் மூன்று அட்டைகள்.

அவளுடைய இன்சோலை எடுத்து மோந்து பார்த்தார்.

"துணி நல்லாருக்கறதால இல்ல இது" என்றார்.

"ஆமா சார்."

"மூணு நடை. மூணு தடவை இது நம்மகிட்ட சொல்லியிருக்கு. நீ எழுதினே. நான் கையெழுத்துப் போட்டேன்."

பேனாவை என்னிடம் நீட்டினார். மூன்று அட்டையிலும் 'ரொம்ப நன்று' மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். அடியில் இருப்பது படிக்கத் தெரிந்தது. பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "நடந்தவர் தண்ணி குடிக்கலை. சோதனை செல்லாது. அப்பிடியே எழுது" என்றார். எழுதினேன். அவரும் தன் பழைய கையெழுத்தின் மேல் கோடு போட்டார். பிறகு அந்த உப்பில்லாத இன்சோல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு, முதலாளி அறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் தையல் லைனில் டோக்கன் பலகை இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது.

சோதனை செல்லாது என்றால் முதலிலிருந்து நடக்க வேண்டும். முப்பத்தேழு காலுக்கு வேறு ஆளைத் தேடலாம் என்றார்கள். நான் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். உடம்பு தேறி, வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுடும்மா" என்றேன். அந்த வார்த்தை எனக்குச் சுலபமாக வராது.

"டோக்கன் இல்லாத வேலைன்னுதாண்ணா மலைக்கு வந்தேன். வந்து பாத்தா அங்க டோக்கனுக்குப் பதிலா நீங்க ரெண்டு பேரும் நிக்கிறீங்க. முன்னாடி ஒரு ஆம்பள, பின்னாடி ஒரு ஆம்பள. நான் எங்க போயி ஒக்கார? அதான் தண்ணியே வேணாம்னு வெச்சேன்."

"இத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டிருக்கலாமே?"

இப்போது கேட்டேன், மறுபடி நடக்க வருவியாம்மா என்று.

"வரேன். ஆனா நான் சொல்றபடிதான். கூட இன்னொரு பொம்பள வரணும். ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவ நான் விசில் ஊதுவேன். நீங்களும் வாட்சர் அண்ணனும் அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம் போய் நிக்கணும். மறுபடி ஊதற வரைக்கும் திரும்பக் கூடாது, கூப்பிடக் கூடாது, மணி பாக்கக் கூடாது. இன்னா சொல்றீங்க?"

மலையில் என் வார்த்தைதான் சட்டம் என்று மேலே எழுதினேன். அன்றிலிருந்து இல்லை.

ஆவணியில், மேகம் போட்ட ஒரு காலையில் மறுபடி ஏறினோம். கட்டிங் பிரிவிலிருந்து கௌரி என்ற பெண் கூட வந்தாள். முதல் விசிலுக்கு ஏகாம்பரமும் நானும் வளைவு தாண்டிப் போய், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள் மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் இரண்டு பெண்களும் எங்களைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. ஏகாம்பரம் தலையைத் திருப்பப் போனார். "திரும்பாதய்யா" என்றேன். ஆறு தடவை விசில். ஆறு தடவையும் நின்றோம். பன்னிரண்டு கிலோமீட்டர் முடிந்து பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அடிவாரத்தில் இருந்தோம்.

வேன் படியில் உட்கார்ந்து எஸ்தர் ஷூவைக் கழற்றினாள். நான் அட்டையோடு பக்கத்தில் போனேன். இன்சோலை உருவி, பிழிகிற மாதிரி ஒரு மடக்கு மடக்கி, என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இந்தாங்கண்ணா. தொட்டுப் பாத்தா பத்தாது. மோந்து பாத்து எழுதுங்க."

மோந்து பார்த்தேன். தொப்பலாக நனைந்திருந்தது. கண்ணில் நீர் வருகிற அளவுக்கு நாற்றம். பெண்கள் பூட்ஸில் பிரமாதம் என்று நான் மூன்று தடவை எழுதிய அந்த உள்துணி, வேர்வையை வெளியே விடவே இல்லை. ஆர்டருக்குத் துணியை மாற்றியாக வேண்டும், எல்லாருக்கும் இரண்டு மாத வேலை பேஜார் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

'உள்துணி ஃபெயில்' என்று எழுதினேன். கௌரி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, ஃபெயிலுன்னு எழுதிட்டு சிரிக்கிறீங்க?" என்றாள்.